மஸ்கட் கடிகாரமும் அத்தானின் மூச்சும்

மயூர் விஹார், டெல்லி
18.9.2002

தம்பி சைமனுக்கு,

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் குறைவில்லாமல் நடத்துவாராக. இரண்டு வருஷம் கழித்து அக்காவிடமிருந்து கடிதமா என்று நீ புருவத்தைத் தூக்குவாய். தூக்கிக்கொள். இதை நானாக எழுதவில்லை. உன் அத்தான் சொல்லி எழுதுகிறேன்.

அவர்களுக்கு நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸுக்குப் போவது ஜூலையோடு நின்றது. வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்திருக்கிறோம். காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். நல்ல மிஷின்தான். ஆனால் கரண்ட் இருந்தால்தானே? இங்கே ஜூலையில் பிஜ்லி போர்டைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் கரண்ட் போகாது என்று பேப்பரில் போட்டார்கள். பேப்பரைப் படித்து முடிப்பதற்குள் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குமேல் சிலிண்டர்தான். சிலிண்டர்க்காரன் "ஆதா கண்டா மே, பாபி ஜி" என்பான். அரை மணி என்று சொன்னவன் சாயங்காலம் வருவான்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா? ஆரல்வாய்மொழி முழுக்கக் காற்றாலை சுற்றுகிறது, நீயே அந்தக் கம்பெனியில் இன்ஜினியர். அங்கே கரண்டுக்குப் பஞ்சமே இருக்காது என்று எங்கள் சபையில் இருக்கும் வினோலியா சொல்கிறாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் மருந்து தெரியும், கரண்ட் தெரியாது. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

போனில் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அத்தான் விடவில்லை. "போன்ல பேசினா ரெண்டு பேரும் சண்டதான் போடுவிய. எழுது. எழுதுனாலாவது நடுவுல மூச்சு விட எடம் இருக்கும்" என்றார்கள். மூச்சைப் பற்றி இப்போது அவர்கள்தான் ஜோக் அடிக்கிறார்கள்.

கடிகாரத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

உன் அக்கா,
இன்பராணி


ஆரல்வாய்மொழி
30.9.2002

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் இப்படி ஆன சங்கதி எனக்கு இப்போதுதான் தெரியும். கோபம் என்னோடு. அத்தானின் நோயை என்னிடம் மறைக்க அது காரணமா? சரி, விடு.

கேட்டதற்குப் பதில்: கரண்டை நம்பி இங்கே வராதே. நான் இருக்கிறேன் என்று வா, உன் தம்பி பெண்டாட்டி கருவாட்டுக் குழம்பு வைப்பாள் என்று வா. கரண்டுக்காக வராதே. ஆனி ஆடியில் காற்று வெறிபிடித்து அடிக்கும்போது எங்கள் மிஷின்கள் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். அவ்வளவையும் தாங்கக் கம்பி கிடையாது. வாங்க ஆள் இல்லாமல் சிலதை நிறுத்தச் சொல்வார்கள். இப்போது காற்று விழுந்துவிட்டது, மிஷின்கள் கும்பிட்டபடி நிற்கின்றன. இங்கே பழைய மாடல் காற்றாலைகள் அதிகம். அவை கரண்டைக் கொடுக்கும்போதே பக்கத்து ஊரின் வோல்டேஜைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காற்று நல்லதுதான் அக்கா. ஆனால் அத்தானின் மூக்குக் குழாயை அதன் கையில் கொடுக்க மாட்டேன்.

நீ எழுதாவிட்டாலும் கடிகாரத்தைப் பற்றி நான் எழுதுவேன். வேறு வழியில்லை.

நான் மஸ்கட்டிலிருந்து வரும்போது இரண்டு கடிகாரம் வாங்கினேன், ஒன்று உன் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு, ஒன்று எனக்கு. இரண்டும் ஒரே கடை. சுவரில் பிளக்கைச் சொருகினால் ஓடும். உள்ளே பேட்டரி இல்லை. வருகிற கரண்ட் எந்த வேகத்தில் துடிக்கிறதோ அந்த வேகத்தில்தான் முள் நகரும். விநாடிக்கு ஐம்பது துடிப்பு வரவேண்டும் என்பது கணக்கு. மின்சாரம் போதாமல் எல்லா மாநிலமும் இழுத்தால் ஜெனரேட்டர்கள் இளைத்துப்போய்த் துடிப்பு குறையும். கடிகாரமும் பின்தங்கும். இதைத்தான் அன்றைக்குப் போனில் "கடிகாரம் சரியாத்தான் இருக்கு, உங்க ஊரு கரண்ட்டுதான் நொண்டுது" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

துடிப்பு ரொம்பக் குறைந்தால் மொத்தமும் சாய்ந்துவிடாமல் இருக்க, எங்கேயாவது ஒரு பகுதியைச் சொல்லாமல் வெட்டுவார்கள். அந்த வெட்டுதான் அத்தானுக்கு ஆபத்து.

அதனால் ஒன்று செய். அந்தக் கடிகாரத்தை எடுத்து மாட்டு. காலையில் ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் மணியோசைக்குச் சரியாக வை. இரவு செய்தியின்போது பார். நடுவில் கரண்ட் போயிருந்தால் அந்த நாளை விட்டுவிடு, அன்றைக்குக் கடிகாரம் நின்றிருக்கும். மற்ற நாளில் எவ்வளவு பின்தங்குகிறது என்று மட்டும் எனக்கு எழுது.

சைமன்


மயூர் விஹார்
20.10.2002

சைமனுக்கு,

நான் அத்தானின் உயிரைக் கேட்டேன். நீ கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறாய்.

அந்தக் கடிகாரம் எனக்குச் செய்ததை நீ மறந்திருக்கலாம். நம் வீட்டில் முதல் முதலாகக் குடும்ப ஜெபக்கூட்டம் வைத்த நாள். அன்றைக்குக் கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. காலையில் ரேடியோ பார்த்துத்தான் முள்ளைத் திருப்பி வைத்தேன். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறதே என்று நைட்டியோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஐயர் பைபிளோடு நிற்கிறார், பின்னால் சபையில் பாதிப் பேர். என் கையில் முறுக்கு அச்சு. ஐயர் சுவரைப் பார்த்து, "சிஸ்டர் வீட்டில் நேரம் நிதானமாகப் போகிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உன்னிடம் அழுதால் நீயும் சிரித்தாய். தம்பி பழுதான கடிகாரத்தைத் தலையில் கட்டிவிட்டு ஊரையே குறை சொல்கிறானே என்று அன்றைக்கே அதைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டேன். அங்கேயே இருக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. தெரு மட்டுமல்ல, யமுனைக்கு இந்தப் பக்கம் முழுக்க. இன்வெர்ட்டர் தீர்ந்தது. சிலிண்டர் காலி, புதுசுக்கு முதல் நாளே சொல்லியும் வரவில்லை. அத்தானின் உதடு நீலமாகிவிட்டது. லிஃப்டும் கரண்டும் ஒன்றாகத்தானே போகும்? மூன்றாவது மாடி. எங்கள் சொசைட்டி செகரட்டரி ராமசுப்ரமணியன் ஓடி வந்தார். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அத்தானை உட்காரவைத்து, அவர் பின்காலைப் பிடிக்க, வாட்ச்மேன் முன்காலைப் பிடிக்க இறக்கினார்கள். அவருக்கே முதுகுவலி. வழியெல்லாம் "முருகா, முருகா" என்றார். நான் "ஏசுவே" என்றேன். அத்தான் பேச முடியாமலே ஒரு விரலைத் தூக்கி, 'ஒருத்தர் ஒருத்தராக' என்பதுபோல் காட்டினார்கள்.

இப்போது மிஷன் ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறார்கள். டாக்டர் சொன்னது இதுதான்: வீட்டில் கரண்ட் நிலையாக இருக்கும் என்றால் கூட்டிப் போகலாம், இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும். எவ்வளவு நாள் என்று கேட்டேன். சீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷத்தில் அவர்கள் என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தது இதுதான் முதல் தடவை.

இதற்கு உன் கடிகாரம் என்ன செய்யும்?

இன்பராணி


ஆரல்வாய்மொழி
2.11.2002

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் சிரித்தது தப்பு. முறுக்கு அச்சோடு நீ நின்றதை நினைத்துத்தான் சிரித்தேன், உன்னை இல்லை. இதையும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. ஒரு புதுச் சட்டம் வருகிறது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து உங்கள் வடக்கு மாநிலங்களுக்கு, ஜனவரியிலிருந்து எங்களுக்கு.

நம் ஊர்க் கோயில் அசன விருந்து உனக்கு நினைவிருக்கிறது இல்லையா? ஒவ்வொரு குடும்பமும் எத்தனை பேர் என்று முன்னாலேயே பெயர் கொடுக்கும். அதன்படி உலை வைப்பார்கள். ஆனால் பந்தியில் நாலு பேர் என்று சொன்ன வீட்டிலிருந்து எட்டுப் பேர் உட்காருவார்கள். கேட்க நாதி கிடையாது. கடைசிப் பந்திக்குச் சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவார்கள். இதுவரை மின்சாரமும் அப்படித்தான் நடந்தது. டெல்லி, உத்தரப் பிரதேசம், பஞ்சாப் எல்லாம் சொன்னதற்கு மேல் இழுத்தார்கள். துடிப்பு குறைவது என்பது சாம்பார் நீர்த்துப்போவதுதான்.

இனிமேல், சொன்னதற்கு மேல் சாப்பிட்டால் காசு. அந்தக் காசும் அந்த நேரத்துச் சாம்பாரைப் பார்த்துத்தான். சாம்பார் கெட்டியாக இருக்கும்போது கூட ஒரு கரண்டி வாங்கினால் ஒன்றுமில்லாத விலை. நீர்த்திருக்கும்போது வாங்கினால் கொள்ளை விலை. சொன்னதைவிடக் குறைவாகச் சாப்பிட்டவனுக்கு அந்தக் காசு போகும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இலையை எண்ணுவார்கள். எட்டுப் பேர் வீட்டுக்காரன் இனி வாயைக் கட்டுவான்.

எங்கள் காற்றாலைகள் அசனத்துக்குச் சொல்லாமல் வரும் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒரு நாள் அண்டா நிறையப் பாயசத்தோடு வருவார்கள், மறுநாள் வெறுங்கையோடு. அவர்களை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று இன்னும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அது என் தலைவலி.

இந்தச் சட்டம் வேலை செய்கிறதா என்று பேப்பர்க்காரன் சொல்வதை நம்பாதே. உன் பரணில் கிடப்பது சொல்லும்.

இன்னொன்று. கடிகாரம் பல மாநிலம் சேர்ந்த பெரிய ஓட்டத்தை மட்டும்தான் காட்டும். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தீய்ந்தால் அதற்குத் தெரியாது. புதுக் கம்பெனிக்கு ஒரு மனு எழுது. டாக்டர் சீட்டை வை, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கு. இப்போது கம்பியில் கரண்ட் வீணானால் நஷ்டம் அவர்களுக்கு. மாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் உண்டு.

அத்தானிடம் என் தோத்திரம் சொல். கருவாடு பார்சல் அனுப்பியிருக்கிறேன், உனக்கு.

சைமன்


மயூர் விஹார்
16.12.2002

தம்பி சைமனுக்கு,

கருவாடு வந்தது. தபால்காரன் பார்சலைக் கையை நீட்டித் தூரமாகவே பிடித்துக் கொடுத்தான். அந்த வாசனைக்காகவே வார்டில் அத்தானிடம் பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினேன். குழாய்க்கு மேலே மூக்கைச் சுருக்கி, "ஊரு வந்துட்டு" என்றார்கள்.

கடிகாரத்தை நவம்பர் பாதியில் இறக்கினேன். உனக்காக இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு ஏறிட்டுப் பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது. ஆணியைப் பார்ப்பதற்கு அதையாவது பார்க்கலாம் என்று மாட்டினேன்.

முதலில் அதே கதைதான். காலையில் ரேடியோவோடு சரி, இரவு செய்தி வாசிக்கும்போது இது பத்து நிமிஷம், கால் மணி நேரம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ராமசுப்ரமணியன் சாரின் மனைவி ருக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன இன்பா, டி.வி. இருக்க, கடிகாரத்தைப் பார்த்துண்டு உக்காந்துண்டிருக்கேளே! இதிலே என்ன சீரியல் வரது?" என்றாள்.

டிசம்பர் பிறந்தது. நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் நாள் இரவு செய்தி மணி அடிக்கும்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் முள் செய்தி நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுற்றுவதை நிறுத்திவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். ஓடுகிறது. மறுநாள் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பின்னால். அதற்கு மறுநாளும் அப்படியே. இன்றைக்கு இரண்டு வாரம் ஆகிறது. ருக்குவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், "அட, உங்க தம்பி பொய் சொல்லலையே!" என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என் தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று அவளிடம் சண்டை போட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மனுவும் கொடுத்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் வந்து முதலில் எலெக்ட்ரானிக் மீட்டர் மாட்டவேண்டும் என்றார்கள். ராமசுப்ரமணியன் சார், "இவா மீட்டர் ரேஸ் குதிரை மாதிரி ஓடறதாம், நான் விடமாட்டேன்" என்று கேட்டில் நின்றார். நான் போய், "சார், நீங்கள் பிடித்த நாற்காலிக் கால் நினைவிருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர்களிடம் திரும்பி, "மீட்டர் லகாவோ. லேகின் பெஹ்லே டிரான்ஸ்ஃபார்மர்!" என்றார். மீட்டரை மாட்டட்டும், ஆனால் முதலில் டிரான்ஸ்ஃபார்மர் என்று. போன வாரம் லாரியில் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது. குழந்தைகள் மாலை போட்டிருக்கிறார்கள்.

இப்போது சொல். கூட்டி வரலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. இது குளிர்காலம், இங்கே ஃபேன் இல்லை, ஏ.ஸி. இல்லை. அதனால்தான் முள் சரியாக ஓடுகிறதோ?

இன்பராணி


ஆரல்வாய்மொழி
28.12.2002

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். ருக்குவிடம் சண்டை போட்ட இடத்தை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

சரியாகத்தான் கேட்டாய். டெல்லியில் பெரிய ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு, சந்திரமௌலி. அவனுக்குப் போன் போட்டேன். போன குளிர்காலத்திலும் துடிப்பு நொண்டியதாம், இந்த டிசம்பர்தான் நிமிர்ந்திருக்கிறதாம். "எங்க ரூம்ல எல்லாரும் திரையைப் பார்த்துட்டு, மானி கெட்டுப்போச்சோன்னு தட்டிப் பார்த்தோம்" என்கிறான். உன்னைப் போலத்தான். ஆகவே இது குளிரின் வேலை மட்டும் இல்லை.

ஆனால் மே மாதம் வரும். கரண்ட் போகவே போகாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஊரில் உற்பத்தி கூடிவிடவில்லை, ஒழுங்குதான் கூடியிருக்கிறது. நாளெல்லாம் போகும் வெட்டு குறையும், இன்வெர்ட்டர் தாங்கும் அளவுக்கு இருக்கும் என்பது என் கணக்கு. வீட்டில் எப்போதும் நிறைந்த சிலிண்டர் இரண்டு இருக்கவேண்டும். ஒன்று தீர்ந்தவுடனே அடுத்ததுக்குச் சொல். இரண்டாவதைத் தொடும் நிலை வரக்கூடாது.

அத்தானை வீட்டுக்குக் கூட்டி வா.

எழுதிவிட்டேன். கிழிப்பதற்கு முன்னால் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

சைமன்


மயூர் விஹார்
9.6.2003

தம்பி சைமனுக்கு,

நடுவில் நான் போட்ட சின்னச் சின்னக் கார்டுகளில் எல்லாம் 'சுகம்' என்று மட்டும் எழுதினேன். மே தாண்டாமல் வேறு எதையும் எழுதக்கூடாது என்று ஒரு பொருத்தனை. இப்போது எழுதுகிறேன்.

அத்தான் ஜனவரியில் வீட்டுக்கு வந்தார்கள். லிஃப்டில் வந்தார்கள். கதவுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைத்தான் பார்த்தார்கள். "இவன் எப்பம்ட்டி வந்தான்?" என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்டார்கள். "உங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டான்" என்றேன்.

மே வந்தது. வெயில் கொதித்தது. கரண்ட் போகாமல் இல்லை. ஒரு நாள் மத்தியானம் போனது. இன்வெர்ட்டர் ஏற்றது. நான் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் குழாயோடு சிரித்து, "ஏட்டி, அது ஒன் மாப்பிள்ளையா, நானா?" என்றார்கள். சிரித்து முடிக்கும் முன்னே ஃபேன் சுற்றிவிட்டது. மாதம் முழுக்க இப்படித்தான். போகும், வரும். பல நாள் பேப்பரிலேயே முந்தின நாள் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது சிலிண்டரின் சீல் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் தோத்திரம் பண்ணுகிறேன்.

புது மீட்டர் கொஞ்சம் அதிகம்தான் காட்டுகிறது. ராமசுப்ரமணியன் சார் தினமும் அதை முறைத்துவிட்டுத்தான் வாக்கிங் போகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நோட்டில் அந்த வரியை மட்டும் முகம் சுளிக்காமல் எழுதுகிறேன்.

உன் கடிகாரம் எப்படி?

உன் அக்கா,
இன்பராணி


ஆரல்வாய்மொழி
20.6.2003

அக்காவுக்கு,

என் கடிகாரமா? முந்துகிறது! காற்று தொடங்கிவிட்டது. ஊரில் மழை, பம்புசெட்டுக்கு வேலை இல்லை, எங்கள் ஆலைகளோ பாயச அண்டாவோடு வந்து நிற்கின்றன. துடிப்பு ஐம்பதைத் தாண்டுகிறது. நேற்று நான் கடிகாரத்தைப் பார்த்து அவசரமாகக் கோயிலுக்குப் போனால் கதவே திறக்கவில்லை. கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டி பெருக்கிக்கொண்டிருந்தார். "என்ன சார், ஐயருக்கு முன்னாலயே வந்துட்டிய?" என்றார். நீ சிரிக்கலாம். அந்தக் கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொள்.

காற்று ஓய்ந்ததும் அக்டோபரில் டெல்லி வருகிறேன். அத்தானைப் பார்க்கவேண்டும். உன் வீட்டில் குடும்ப ஜெபக்கூட்டம் வைத்தால் முறுக்கு நான் பிழிகிறேன்.

சைமன்


மயூர் விஹார்
2.7.2003

தம்பி,

வா. உன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டி வா.

ஜெபக்கூட்டத்துக்கு ஐயரிடம் சொல்லிவிட்டேன். "நேரம் நிதானமாகப் போகுமா சிஸ்டர்?" என்று கேட்டார். "சரியாக வந்துவிடுங்கள், நாங்கள் காத்திருக்க மாட்டோம்" என்றேன்.

அத்தான் ரயில் நம்பரை எழுதச் சொல்கிறார்கள். நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு ராமசுப்ரமணியன் சாரின் காரில் நான் வருகிறேன். வீட்டை விட்டு எப்போது கிளம்புவது என்பதற்குச் சுவரில் இருக்கும் அதைத்தான் பார்ப்பேன். கையில் வாட்ச் கட்டமாட்டேன்.

உன் அக்கா